2 ஓட்டில் ஜெயித்தார்... கோர்ட் 'செல்லாது' என்றது!

தேர்தல் முடிவில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது? பிரிட்டனில் இதற்கென்றே ஒரு தனி நீதிமன்றம் இருக்கிறது. அதன் சுவாரஸ்யமான வழக்குகளும், அவை சொல்லும் பாடமும்...

1997-ம் ஆண்டு, மே 1. பிரிட்டனில் பொதுத்தேர்தல். லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் வின்செஸ்டர் என்ற பழைமையான ஊரில் ஓட்டு எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி முடித்தபோது அலுவலர்களின் முகத்தில் ஈயாடவில்லை. வித்தியாசம் அவ்வளவு குறைவு. திரும்ப எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள்.

கடைசியில் அறிவிப்பு வந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன் 26,100 ஓட்டு. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜெர்ரி மலோன் 26,098 ஓட்டு.

60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டு போட்ட தொகுதியில், வித்தியாசம் வெறும் 2. ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மனம் மாறியிருந்தால் முடிவே வேறு!

தோற்ற மலோன் சாதாரண ஆள் இல்லை. அதுவரை அந்தத் தொகுதியின் எம்.பி. சுகாதாரத் துறை இணை அமைச்சராகவும் இருந்தவர். அவர் கையில் ஒரு வலுவான பாயின்ட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் போன இடம்தான் 'எலெக்‌ஷன் கோர்ட்' எனப்படும் தேர்தல் நீதிமன்றம்.

முத்திரை விழாத சீட்டுகள்

அந்தக் காலத்தில் பிரிட்டன் பூத்களில் ஒரு வழக்கம் இருந்தது. வாக்குச்சீட்டை வாக்காளரிடம் கொடுப்பதற்கு முன், ஊழியர் ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தி அதில் அடையாள முத்திரை போட வேண்டும். கள்ளச்சீட்டு கலந்துவிடாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. முத்திரை இல்லாத சீட்டு, செல்லாத சீட்டு.

வின்செஸ்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளில் முத்திரை விழவில்லை. ஊழியர்கள் மறந்திருக்கலாம், கருவியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம். வாக்காளர் மேல் எந்தத் தப்பும் இல்லை. வரிசையில் நின்றார், கொடுத்த சீட்டை வாங்கினார், பிடித்தவருக்குப் போட்டார், பெட்டிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவருடைய ஓட்டு குப்பைக்குப் போனது அவருக்கே தெரியாது.

அந்தச் சீட்டுகளையும் சேர்த்து எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மலோன்தான் ஜெயித்திருப்பார். அதுவும் எத்தனை ஓட்டில்? அதே 2 ஓட்டில்!

இப்போது சொல்லுங்கள். ஜெயித்தவர் யார்? சட்டப்படி எண்ணினால் ஓட்டன். மக்கள் போட்டபடி எண்ணினால் மலோன். இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலையைப் பிரிட்டன் இரண்டு நீதிபதிகளிடம் கொடுத்தது. அப்படி நீதிபதிகளிடம் கொடுக்கும் பழக்கத்துக்கு வர அந்த நாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஆட்டக்காரர்களே அம்பயராக இருந்த காலம்

முன்பெல்லாம் தேர்தல் தகராறுகளை பிரிட்டன் நாடாளுமன்றமே தீர்த்துவந்தது. 'எங்கள் சபைக்கு யார் வரலாம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்' என்பது மக்களவையின் வாதம். மன்னர் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் பிடித்துக்கொண்ட உரிமை அது. ஆனால், நாளடைவில் என்ன ஆனது? பெரும்பான்மை யார் பக்கமோ, தீர்ப்பும் அவர் பக்கம்.

இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று வரலாறு குறிப்பிடும் ராபர்ட் வால்போல், 1742-ல் பதவி விலகினார். அவரைக் கடைசியாகச் சாய்த்தது எது தெரியுமா? சிப்பன்ஹாம் தொகுதியின் தேர்தல் தகராறில் சபையில் நடந்த வாக்கெடுப்பு. அதில் அவர் தரப்பு தோற்றது. 'இனி சபை நம் கையில் இல்லை' என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தொகுதியில் யார் ஜெயித்தார் என்ற கேள்வியே, அரசாங்கத்தின் பலத்தை அளக்கும் தராசாக மாறிப்போயிருந்தது.

இன்னொரு கதை இதைவிட மோசம். ஜான் வில்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், மன்னரின் அரசாங்கத்தை எழுத்தில் விளாசியவர். மிடில்செக்ஸ் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், சபை அவரை வெளியேற்றியது. மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள், சபை மறுபடி செல்லாது என்றது. 1769 ஏப்ரலில் நடந்த தேர்தலில் வில்க்ஸுக்கு 1,143 ஓட்டு. எதிர்த்து நின்ற லட்ரெலுக்கு 296 ஓட்டு. சபை என்ன செய்தது? 296 வாங்கியவரை அழைத்து உட்காரவைத்தது!

இந்த அநியாயத்தால் எழுந்த கொந்தளிப்புக்கு அடுத்த ஆண்டே சீர்திருத்தம் வந்தது. 1770-ல், தகராறுகளை முழு சபையும் விசாரிக்காமல் சிறு குழு விசாரிக்கும்படி சட்டம் போட்டார்கள். குழுவில் இருந்தவர்களும் கட்சிக்காரர்கள்தானே? முழு நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் 1868-ல்தான் அந்தத் துணிச்சலான முடிவை எடுத்தது நாடாளுமன்றம். தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. வேடிக்கை என்னவென்றால், நீதிபதிகளே அதை விரும்பவில்லை. 'எங்களை அரசியல் சண்டைக்குள் இழுக்காதீர்கள்' என்று அப்போதைய தலைமை நீதிபதி காக்பர்ன் எழுத்து மூலமாகவே எதிர்ப்பு தெரிவித்தார். ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

அதற்கான பலன் உடனே தெரிந்தது. அதே 1868 தேர்தலில் பெவர்லி என்ற ஊரில் பணம் தாராளமாக விளையாடியது. பிரபல நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் அங்கே நின்று, கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். வழக்கு நடந்தது, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. தொடர்ந்த விசாரணையில் லஞ்சம் அந்த ஊரின் வேர் வரை போயிருப்பது தெரிந்து, 1870-ல் பெவர்லிக்கு இருந்த பிரதிநிதித்துவத்தையே பறித்துவிட்டார்கள்.

வழக்கு எப்படி நடக்கிறது?

இந்த நீதிமன்றத்துக்கு நிரந்தரக் கட்டடம் கிடையாது. மனு வரும்போது கூடும், தீர்ப்பு சொன்னதும் கலைந்துவிடும்.

மனுவை யார் போடலாம்? தோற்ற வேட்பாளர் போடலாம். அந்தத் தொகுதியில் ஓட்டுரிமை உள்ள சாதாரண வாக்காளரும் போடலாம். கால அவகாசம் பொதுவாக 21 நாள்கள்தான். செலவுக்கு உத்தரவாதமாக 5,000 பவுண்டு வரை கட்டச் சொல்வார்கள். தோற்றுவிட்டால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவும் மனுதாரர் தலையில் விழக்கூடும் என்பதால், பலரும் யோசித்துத்தான் இறங்குவார்கள். 'நியாயம் கேட்கவே பணக்காரனாக இருக்க வேண்டுமா?' என்ற விமர்சனமும் அங்கே உண்டு.

விசாரிப்பது உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள். இந்த வழக்குகளுக்கென்றே ஒவ்வோர் ஆண்டும் நீதிபதிகளின் பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். விசாரணை வழக்கமாக அந்தத் தொகுதியிலேயே நடக்கும். யாருடைய ஓட்டைப் பற்றிய வழக்கோ, அவர்கள் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இன்னொரு முக்கியமான விதி. மனுவைப் போட்டுவிட்டு, பின்னால் ரகசியமாகப் பேசி முடித்துக்கொண்டு கைவிட முடியாது. வாபஸ் வாங்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஏனென்றால், இது இரண்டு பேருக்கு இடையிலான சொத்துத் தகராறு கிடையாது. தொகுதி மக்கள் அத்தனை பேரும் இதில் ஒரு தரப்பு.

வாக்குச்சீட்டுகளை ஓராண்டு சீல் வைத்துப் பாதுகாப்பார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவும் தனியாக உண்டு. கள்ள ஓட்டு புகார் என்றால், நீதிமன்ற உத்தரவின் பேரில் மட்டும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அந்தக் கள்ள ஓட்டைத் தனியே பிரித்தெடுக்க முடியும்.

முடிவில் நீதிபதிகள் தங்கள் தீர்ப்பைச் சபாநாயகருக்குச் சான்றாக அனுப்புவார்கள். சபை அதை ஏற்றுச் செயல்படுத்தியே ஆக வேண்டும். வால்போல் காலத்து வாக்கெடுப்புக்கெல்லாம் இப்போது இடமே இல்லை.

நீதிபதிகள் கேட்கும் கேள்வி

தேர்தல் என்றால் ஆயிரம் தவறு நடக்கும். ஒரு பூத்தில் பட்டியல் தாமதமாக வரும், இன்னொன்றில் ஊழியர் குழம்பிப்போவார். ஒவ்வொரு தவறுக்கும் தேர்தலை ரத்து செய்தால் ஆண்டு முழுவதும் தேர்தல்தான் நடத்த வேண்டும். அதனால் நீதிபதிகள் முக்கியமாக ஒன்றைக் கேட்பார்கள். 'இந்தத் தவறால் முடிவு மாறியதா?'

2010-ல் வடக்கு அயர்லாந்தின் ஃபெர்மனா தொகுதியில் ஒரு வழக்கு. சின் ஃபெயின் கட்சியின் மிஷெல் கில்டர்னியூவுக்கு 21,304 ஓட்டு. சுயேச்சையாக நின்ற ராட்னி கானருக்கு 21,300 ஓட்டு. வித்தியாசம் 4. 'எண்ணிக்கையில் குளறுபடி' என்று கானர் மனு போட்டார். நீதிபதிகள் விசாரித்ததில், கணக்கில் வராத சீட்டுகள் மூன்று என்று தெரிந்தது. தவறு நடந்தது உண்மைதான். ஆனால், அந்த மூன்றையும் அப்படியே கானருக்குக் கொடுத்தாலும் கில்டர்னியூ ஒரு ஓட்டில் முன்னால் இருக்கிறார். மனு தள்ளுபடி!

இதே அளவுகோலை வின்செஸ்டரில் வைத்துப் பாருங்கள். அங்கே முத்திரை விழாத சீட்டுகளைச் சேர்த்தால் முடிவே தலைகீழாகிறது. அதனால் 1997 அக்டோபரில் அந்தத் தேர்தல் செல்லாது என்றது நீதிமன்றம். ஓட்டன் பதவி இழந்தார்.

அப்படியானால் மலோனுக்குப் பதவி கிடைத்ததா? இல்லை. முத்திரையில்லாத சீட்டு சட்டப்படி செல்லாது என்பதும் உண்மைதானே! இரண்டு பேருக்கும் தராமல், நாற்காலியைக் காலியாக்கி, 'மக்களிடமே திரும்பக் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள் நீதிபதிகள்.

ஒரு எழுத்து செய்த விளையாட்டு

வின்செஸ்டரில் இன்னொரு கூத்தும் நடந்தது. ரிச்சர்ட் ஹகெட் என்பவரும் அங்கே வேட்பாளர். தன் பெயருக்குப் பக்கத்தில் 'லிபரல் டெமாக்ரட் டாப் சாய்ஸ்' என்று போட்டுக்கொண்டார். அவருக்கும் ஓட்டனின் கட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! 640 ஓட்டு வாங்கினார்.

இவருக்கு இது புதிதல்ல. 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், டெவன் பகுதித் தொகுதியில் 'லிட்டரல் டெமாக்ரட்' என்ற பெயரில் நின்றார். லிபரல், லிட்டரல். ஒரு எழுத்துதான் வித்தியாசம். 10,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகள் அவருக்கு விழுந்தன. உண்மையான லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் தோற்றது வெறும் 700 ஓட்டில்.

தோற்ற கட்சி தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் அங்கே தோல்விதான். தன்னைப் பற்றி வேட்பாளர் என்ன விவரம் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு அன்றைய சட்டத்தில் அப்படிப்பட்ட தடை இல்லை. இல்லாத சட்டத்தை நீதிபதிகள் உண்டாக்க முடியாது. பின்னர் 1998-ல்தான் கட்சிகளின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பிரபல வேட்பாளரின் பெயரிலேயே நாலைந்து பேர் களமிறங்கும் வித்தையைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஹகெட் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரிதான் தெரிவார்!

பொய்க்கு விலை பதவி

எண்ணிக்கையில் தவறு என்பது ஒரு வகை. வேட்பாளரே தவறு செய்வது வேறு வகை. அங்கே நீதிமன்றத்தின் பார்வை இன்னும் கறாராக இருக்கும்.

2010 பொதுத்தேர்தல். இங்கிலாந்தின் வடக்கே ஓல்டம் ஈஸ்ட் அண்ட் சாடில்வொர்த் தொகுதி. லேபர் கட்சியின் ஃபில் வூலாஸ், குடியேற்றத் துறை அமைச்சராக இருந்தவர். லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் எல்வின் வாட்கின்ஸை 103 ஓட்டில் தோற்கடித்தார்.

வாட்கின்ஸ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஓட்டுக் கணக்கை அல்ல, வூலாஸ் தரப்பு அச்சடித்து விநியோகித்த பிரசுரங்களை. வாட்கின்ஸ் தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடுகிறார், தொகுதியிலேயே குடியிருப்பேன் என்று சொன்னதைக் காப்பாற்றவில்லை என்றெல்லாம் அவற்றில் இருந்தது. வெள்ளை இன வாக்காளர்களைக் கோபப்படுத்தினால்தான் ஜெயிக்க முடியும் என்று பிரசாரக் குழு தங்களுக்குள் பேசிக்கொண்ட இமெயில்களும் விசாரணையில் வெளிவந்தன.

எதிரியின் கொள்கையை எப்படி வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். அது அரசியல். ஆனால், ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றி, உண்மை என்று நம்ப எந்தக் காரணமும் இல்லாமல் பொய் சொல்வது பிரிட்டனில் தேர்தல் குற்றம். தொகுதிக்குள்ளேயே இருக்கும் ஒரு சமூகக் கூடத்தில் கூடி விசாரித்த நீதிபதிகள், நவம்பர் 5 அன்று தீர்ப்பு சொன்னார்கள். தேர்தல் செல்லாது. வூலாஸ் மூன்று ஆண்டுகள் எம்.பி-யாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்டார் வூலாஸ். சில அம்சங்களில் அவருக்குச் சாதகமாகச் சொன்னாலும், பதவி போனது போனதுதான்.

2011 ஜனவரியில் இடைத்தேர்தல். போராடி நியாயம் வாங்கிய வாட்கின்ஸ்தான் ஜெயித்தார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. வூலாஸின் லேபர் கட்சியே, டெபி ஆப்ரஹாம்ஸ் என்ற புது வேட்பாளரை நிறுத்தி 3,558 ஓட்டில் ஜெயித்தது. பொய் சொன்னவரை நீக்கியது நீதிமன்றம். அடுத்து யார் என்று முடிவு செய்தது மக்கள்.

தோற்றவர் எம்.பி. ஆன கதை

எல்லா நேரத்திலும் தீர்ப்பு மக்கள் மனதுக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. 1960-ல் லேபர் கட்சியின் இளம் எம்.பி. டோனி பென்னுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். அப்பா இறந்துபோக, அவருடைய பிரபு பட்டம் பரம்பரை வழக்கப்படி மகன் தலையில் வந்து உட்கார்ந்தது. பிரபு என்றால் மேலவைக்குத்தான் போக முடியும், மக்களவையில் இருக்க முடியாது. 'எனக்கு அந்தப் பட்டமே வேண்டாம்' என்றார் பென். வேண்டாம் என்று சொல்லச் சட்டத்தில் வழியில்லை!

அவருடைய பிரிஸ்டல் தொகுதிக்கு 1961 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. பென் பிடிவாதமாக நின்றார். 23,275 ஓட்டு வாங்கினார். எதிர்த்து நின்ற மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231 ஓட்டு. வழக்கு நடந்தது. ஜூலையில் தீர்ப்பு: 'பென் தகுதியில்லாதவர் என்று வாக்காளர்களுக்குத் தெரியும். தெரிந்தே போட்டதால் அந்த ஓட்டுகள் வீண். பதவி செயின்ட் கிளேருக்கு.'

13,000 ஓட்டில் தோற்றவர் எம்.பி. ஆனார். சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால், சட்டமே சரியில்லை என்பது ஊருக்கே புரிந்தது. இரண்டே ஆண்டில், 1963-ல், பரம்பரைப் பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது. அது அமலான சில நிமிடங்களில் பட்டத்தைத் துறந்த முதல் ஆள் பென்தான். செயின்ட் கிளேர் சொன்னபடி கௌரவமாக விலகிக்கொள்ள, அதே ஆகஸ்ட்டில் பென் மறுபடி ஜெயித்துச் சபைக்குள் வந்தார்.

நம்மூரில் என்ன நடக்கிறது?

இந்தியாவும் முதலில் இதே பாணியில் தனி அமைப்பைத்தான் உருவாக்கியது. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் ஆணையம் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தேர்தல் தீர்ப்பாயத்தை நியமித்தது. தேர்தல் தகராறை தேர்தல் மனு மூலம் மட்டுமே எழுப்ப முடியும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது.

அந்த விதியின் அர்த்தத்தைத் தீர்த்துவைத்த முதல் பெரிய வழக்கு நாமக்கல்லில் இருந்து போனது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு பொன்னுசாமி என்பவர் தாக்கல் செய்த வேட்புமனுவை அதிகாரி நிராகரித்துவிட்டார். அவர் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றமும் போனார். 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தேர்தல் என்பது அறிவிப்பில் தொடங்கி முடிவு வரையிலான மொத்த நடைமுறை. பாதியில் கோர்ட் குறுக்கிட முடியாது. தேர்தல் முடியட்டும், பிறகு தீர்ப்பாயத்துக்குப் போங்கள். இன்றுவரை நாடு முழுக்க வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது.

ஆனால், தீர்ப்பாயத்தில் ஒரு சுற்று, மேல்முறையீட்டில் இன்னொரு சுற்று என்று வழக்குகள் நீண்டன. 1966-ல் தீர்ப்பாய முறையைக் கைவிட்டு, அந்த அதிகாரத்தை நேரடியாக உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தார்கள். இப்போது முடிவு வந்த 45 நாள்களுக்குள் மனு போட வேண்டும். 2,000 ரூபாய் டெபாசிட். ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

இந்த முறைக்குப் பல் உண்டு என்பதை நாடு பார்த்திருக்கிறது. 1971-ல் ரேபரேலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றியையே, 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்து வந்த நெருக்கடி நிலையும், உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு மாறியதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

பல் இருக்கிறது, வேகம் இருக்கிறதா? அந்த ரேபரேலி தீர்ப்புக்கே நான்கு ஆண்டுகள் ஆனது.

ராதாபுரம் கதை இன்னும் அருகில் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க-வின் அப்பாவு, அ.தி.மு.க-வின் இன்பதுரையிடம் 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். 203 தபால் ஓட்டுகளை நிராகரித்தது தவறு என்று அப்பாவு வழக்குப் போட்டார். பள்ளித் தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதுதான் கேள்வி. அந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று மின்னணு இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, காலண்டர் 2019 அக்டோபரைக் காட்டியது. எண்ணியும் விட்டார்கள். ஆனால், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்து அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. 2021-ல் அதே தொகுதியில் ஜெயித்து அப்பாவு சபாநாயகராகவே ஆகிவிட்டார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுங்கள். இன்பதுரை உண்மையிலேயே ஜெயித்திருந்தால், ஐந்து வருடமும் அவர் மேல் ஒரு சந்தேக நிழல். அப்பாவு ஜெயித்திருந்தால், ஐந்து வருடமும் அவருடைய பதவி இன்னொருவர் கையில். இரண்டில் எது உண்மையானாலும், ராதாபுரம் மக்கள் தாங்கள் உண்மையில் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று தெரியாமலேயே ஒரு முழு சட்டமன்றக் காலத்தைக் கடந்தார்கள்.

இப்போது பிரிட்டன் வழக்குகளின் தேதிகளைத் திரும்பிப் பாருங்கள். பென் வழக்கு, மே மாதத் தேர்தலுக்கு ஜூலையில் தீர்ப்பு. வின்செஸ்டர், மே தேர்தலுக்கு அக்டோபரில். ஃபெர்மனா தீர்ப்பும் அதே அக்டோபரில்தான். வூலாஸ் வழக்கு, மே தேர்தலுக்கு நவம்பரில். எல்லாமே சுமார் ஆறு மாதத்துக்குள். நம் சட்டம் 'முயலுங்கள்' என்று சொல்லும் அதே ஆறு மாதம்! தேர்தல் வழக்கில் சரியான தீர்ப்பு வருவது மட்டும் போதாது. நாற்காலி காலாவதி ஆவதற்குள் வர வேண்டும்.

மறுபடியும் வின்செஸ்டர்

1997 நவம்பர் 20. வின்செஸ்டர் மக்கள் ஒரே ஆண்டில் இரண்டாவது முறையாக அதே தொகுதிக்கு வரிசையில் நின்றார்கள். அதே ஓட்டன், அதே மலோன். ஆறு மாதத்துக்கு முன் பிரிக்க முடியாமல் திணறிய அதே ஊர்.

இந்த முறை மறு எண்ணிக்கைக்கு வேலையே இருக்கவில்லை. மலோனுக்கு 15,450 ஓட்டு. ஓட்டனுக்கு 37,006 ஓட்டு. வித்தியாசம் 21,556!

தோற்றவர் கோர்ட்டுக்குப் போனதை மக்கள் ரசிக்கவில்லை என்றார்கள் சிலர். புதிய அரசியல் காற்று என்றார்கள் வேறு சிலர். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மே மாதத்தில் இரண்டே ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்த கேள்விக்கு, அந்த ஆண்டு முடிவதற்குள் யாரும் சந்தேகப்பட முடியாத பதில் கிடைத்துவிட்டது. பதில் சொன்னவர்கள் வாக்காளர்கள். அவர்களிடம் சீக்கிரமாகத் திரும்பக் கேட்டதுதான் நீதிமன்றம் செய்த வேலை.